போர்தோ–பாரிஸ் பந்தயம் ஏன் நின்றுபோனது?

பிரான்ஸில் ஒரே மூச்சில் 600 கிலோமீட்டர் ஓடும் தொழில்முறை சைக்கிள் ரேஸ் ஒன்று இருந்ததாமே, பாதித் தூரத்தை மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓட்டுவார்களாமே, அதெல்லாம் உண்மையா, உண்மையென்றால் ஏன் நிறுத்தினார்கள், இந்தக் காலத்து ஓட்டக்காரர்களால் முடியாமல் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். போர்தோவில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, மறுநாள் மாலைக்குள் பாரிஸ் வந்து சேர வேண்டும். பெயரே போர்தோ–பாரிஸ். முதல் ஓட்டம் 1891-இல், கடைசி ஓட்டம் 1988-இல். ஆனால் "முடியாமல் போனதால் நின்றது" என்று பரவலாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்த ரேஸைத் தூரம் கொல்லவில்லை. காலண்டரும் டிவியும் சேர்ந்து கொன்றன. ஏன் என்று புரிய வேண்டுமானால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரத்தை ஒரு அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். சென்னையிலும் கோவையிலும் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டம், ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் 600 கிலோமீட்டருக்கு விதிப்படி 40 மணி நேரம் அவகாசம். நானும் ஒரு தடவை முடித்திருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலை ஓர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி, கையிலிருந்த டீ கொட்டி, சூடு பட்டுத்தான் விழித்தேன். 40 மணியில் பெரிதாக மிச்சம் வைக்கவில்லை. போர்தோ–பாரிஸின் பிற்காலத்து வெற்றியாளர்கள் ஏறக்குறைய அதே தூரத்தை 14 மணி நேரத்தை ஒட்டி முடித்தார்கள். முன்னால் மோட்டார் இருந்தது என்பது உண்மை. ஆனால் அது இரண்டாம் பாதிக்கு மட்டும்தான்.

சரி, 1891. போர்தோ நகரத்துச் சைக்கிள் சங்கம் ஒரு யோசனை செய்தது. காற்றடைத்த டயர் அப்போதுதான் வந்த புதுசு. போர்தோவிலிருந்து பாரிஸ் வரை, சுமார் 570 கிலோமீட்டருக்கு ஒரு ரேஸ் வைப்போம் என்றார்கள். இங்கிலாந்துக்காரர்களையும் கூப்பிட்டார்கள். அங்கே சங்கம் கறாரானது. பணத்துக்கு ஓட்டுகிறவர்களோடு எங்கள் ஆள் ஓட்டமாட்டான் என்றது. அதனால் முதல் ரேஸ் அமெச்சூர்களுக்கு மட்டும் என்று ஆனது. பின்னாளில் தொழில்முறை ஓட்டக்காரர்களின் கோட்டையாக இருந்த ரேஸ் அமெச்சூர் ரேஸாகப் பிறந்தது ஒரு வேடிக்கை.

ஏற்பாட்டாளர்களின் கணக்கு என்ன தெரியுமா? ஓட்டுகிறவர்கள் வழியில் எங்காவது படுத்துத் தூங்கி, எழுந்து, சாப்பிட்டு, மறுபடி கிளம்புவார்கள் என்று நினைத்தார்கள். வழியூர்களில் சாப்பாடும் படுக்கையும் தயாராக வைத்திருந்தார்கள். மே 23 அதிகாலை 5 மணிக்கு 28 பேர் கிளம்பினார்கள். அதில் ஜார்ஜ் பில்கிங்டன் மில்ஸ் என்ற ஆங்கிலேயருக்குப் படுக்கை தேவைப்படவில்லை. அவர் ஏற்கெனவே 1886-இல், முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும் பழைய வண்டியில், இங்கிலாந்தின் தென்கோடியிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடி வரை ஐந்து நாள் சொச்சத்தில் ஓட்டிக் காட்டியவர். இரவு முழுக்க நிற்காமல் மிதித்து, மறுநாள் காலையில் பாரிஸ் வந்துவிட்டார். எடுத்த நேரம் 26 மணி 34 நிமிடம் 57 விநாடி. அவருக்குப் பின்னால் ஹோல்பைன், அடுத்து செல்வின் எட்ஜ், நான்காவது பேட்ஸ். முதல் நான்கு இடமும் இங்கிலாந்து அணிக்கே. (இந்த எட்ஜ்தான் பிற்பாடு கார் ரேஸுக்குப் போய் 1902-இல் கார்டன் பென்னட் கோப்பையை வென்றவர்.)

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் இதைவிட இரண்டு மடங்கு தூரத்துக்குப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்று ஒரு ரேஸ் வைத்தார். அதில் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும்தான் ஓட்டலாம். ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். இன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நம் ஊர்க்காரர்கள் உட்பட உலகமே திரண்டு போய் ஓட்டும் பி.பி.பி. இதுதான். அதன் அண்ணன் போர்தோ–பாரிஸ் என்பது அதை ஓட்டுகிற பலருக்கே தெரியாது.

இன்னொரு உறவுமுறையும் உண்டு. இன்று "நரகம்" என்று செல்லப்பெயர் பெற்று, கல் பாவிய சாலைகளில் ஓடும் பாரிஸ்–ரூபே ரேஸ் எப்படிப் பிறந்தது? 1896-இல் ரூபே நகரத்து மில் முதலாளிகள் இருவர், தியோதோர் வியேன், மொரிஸ் பெரே, தாங்கள் கட்டிய சைக்கிள் மைதானத்துக்கு ஆள் சேர்க்க ஒரு ரேஸ் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். போர்தோ–பாரிஸுக்குச் சில வாரம் முன்னால் வைத்துக்கொள்வோம், அந்தப் பெரிய ரேஸுக்குத் தயாராகிறவர்களுக்கு இந்த 280 கிலோமீட்டர் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், நல்ல பயிற்சியாகவும் அமையும் என்பது அவர்கள் வாதம். பயிற்சி ஆட்டமாகப் பிறந்தது இன்றும் ஓடுகிறது. அது எதற்குப் பயிற்சியோ அந்த ரேஸைக் காணோம்.

இனி அந்த மோட்டார் விஷயத்துக்கு வருவோம். இது புரியாவிட்டால் இந்த ரேஸே புரியாது.

சின்ன வயதில் மெதுவாகப் போகும் லாரிக்குப் பின்னால் சைக்கிளை ஒட்டி ஓட்டியிருக்கிறீர்களா? அம்மா பார்த்தால் தோலை உரித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சுகம் நினைவிருக்கும். எதிர்க்காற்று சட்டென்று அடங்கிவிடும், பெடல் தானே சுற்றுவது போல இருக்கும். சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது நம் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் செலவாகிறது. அந்தக் காற்றை முன்னால் ஒருவர் வாங்கிக்கொண்டால், பின்னால் வருகிறவர் அதே பலத்தில் இன்னும் வேகமாகப் போகலாம். ஆங்கிலத்தில் பேஸிங் என்பார்கள். நான் முன்னால் போகிறதை முன்வண்டி என்றும், அதை ஓட்டுகிறவரை முன்வண்டிக்காரர் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

தொடக்க காலத்தில் முன்வண்டி என்பது வேறொரு சைக்கிள், அல்லது இரண்டு பேர், மூன்று பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள். அவர்கள் களைத்தால் அடுத்த ஊரில் புதுக் குழு காத்திருக்கும். அப்புறம் மோட்டார் வந்தது. 1899-இல் கார்களைப் பின்தொடர்ந்து ஓட்டிய கான்ஸ்தான் யூரே சுமார் பதினாறரை மணி நேரத்தில் பாரிஸைத் தொட்டார். மில்ஸின் நேரத்தோடு வைத்துப் பாருங்கள்: எட்டே வருஷத்தில் பத்து மணி நேரம் குறைந்திருக்கிறது. கால்கள் ஒன்றும் அவ்வளவு மாறிவிடவில்லை. முன்னால் போகிறது மாறிவிட்டது, அவ்வளவுதான். அதனாலேயே விதிகளும் ஊசலாடிக்கொண்டே இருந்தன. சில காலம் முன்வண்டி இருந்தது, சில காலம் இல்லை.

இந்த இடத்தில் 1896-ஐ மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி இணையத்தில் தப்புத்தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் வேல்ஸ் நாட்டு ஆர்தர் லிண்டன் முதலில் வந்து சேர்ந்தார். ஆனால் பாரிஸுக்குள் செய்ன் நதியைக் கடக்கும்போது விதித்த பாலத்தை விட்டு வேறு பாலம் வழியாக வந்துவிட்டார் என்று புகார் எழுந்தது. கடைசியில் அவரையும் காஸ்தோன் ரிவியேரையும் சேர்த்தே வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். இரண்டு மாதத்தில் லிண்டன் இறந்துபோனார். டைஃபாய்டு. அவருடைய பயிற்சியாளர் சாப்பி வார்பர்ட்டன் ஓட்டக்காரர்களுக்கு என்னவோ சின்னப் பாட்டிலில் கொடுப்பார் என்று ஏற்கெனவே பேச்சு இருந்ததால், "ஊக்கமருந்தால் இறந்த முதல் விளையாட்டு வீரர்" என்று லிண்டனைப் பின்னாளில் எழுத ஆரம்பித்தார்கள். அதிலும் வருஷத்தை 1886 என்று எழுதி, அதை ஒருவர் பார்த்து ஒருவர் காப்பியடித்து, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1886-இல் இந்த ரேஸே கிடையாது! எங்காவது அந்த வரியைப் பார்த்தால், எழுதியவர் மூலத்தைத் தேடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க இது பெரிய தலைகளின் ரேஸ். பிரான்ஸைச் சுற்றி மூன்று வாரம் ஓடும் டூர் தெ பிரான்ஸின் முதல் வெற்றியாளரான மொரிஸ் காரேன் அதற்கு முந்தைய வருஷம், 1902-இல், இங்கே ஜெயித்தவர். இரண்டு பத்திரிகைகள் சண்டை போட்டுக்கொண்டு அந்த வருஷம் ஆளுக்கொரு போர்தோ–பாரிஸ் நடத்தின, அதில் ஒன்றை வென்றவர் காரேன். ஃபிரான்சுவா ஃபாபர் 1911-இல், ஹென்றி பெலிசியே 1919-இல். 1913 டூரில் உடைந்த, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கொல்லன் பட்டறையில் தானே அடித்துச் சரி செய்த ஒய்ஜேன் கிறிஸ்தோஃப் இங்கே 1920-லும் 1921-லும் அடுத்தடுத்து ஜெயித்தார். ஹென்றியின் தம்பி ஃபிரான்சிஸ் பெலிசியே 1922, 1924 என்று இரண்டு முறை. தம்பிக்கு இந்த ரேஸோடு உறவு அதோடு முடியவில்லை. ஓட்டுவதை நிறுத்தி அணி மேலாளர் ஆன பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஆட்களைக் கொண்டுவந்து ஜெயிக்க வைத்தார். "போர்தோ–பாரிஸின் மந்திரவாதி" என்றே அவருக்குப் பட்டம்.

மந்திரம் என்ன பெரிய மந்திரம். 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ரேஸில் எப்போது சாப்பிடுவது, எப்போது உடை மாற்றுவது, எந்த மேட்டில் முன்வண்டிக்காரருக்குக் கை காட்டுவது என்ற கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1930-களில் பாதித் தூரம் வரை தனியாக, மீதித் தூரம் மோட்டார் முன்வண்டியோடு என்ற வடிவம் நிலைத்தது. 1938-இல் டெர்னி வந்தது. ஒலிம்பிக்ஸில் கெய்ரின் என்ற போட்டியைப் பார்த்திருந்தால், ஓட்டக்காரர்களுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சின்ன மோட்டார் வண்டியில் சுற்றுபவரைக் கவனித்திருப்பீர்கள். அந்த வண்டி இந்த ரேஸில் பேர் வாங்கியதுதான். பாரிஸில் ரோஜே டெர்னி என்பவரின் பட்டறையில் செய்தார்கள். அந்தக் கம்பெனி 1950-களின் இறுதியிலேயே மூடிவிட்டது. ஆனால் நாம் எல்லா நகல் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி, இன்றும் அந்த வகை வண்டி எல்லாமே டெர்னிதான்.

டெர்னி மொபெட்டுமில்லை, சைக்கிளுமில்லை. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், கூடவே மிதிக்கப் பெடல். முன்பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவு பெரிசு. முன்வண்டிக்காரர் மிதித்துக்கொண்டேதான் ஓட்டுவார். ஏன் மிதிக்க வேண்டும், எஞ்சின் போதாதா என்று தோன்றும். எஞ்சின் மட்டும் என்றால் வேகம் வெட்டி வெட்டி மாறும். பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஒருவர் வந்துகொண்டிருக்கும்போது அப்படி வெட்டினால் ஆள் காலி. மிதித்தால் வேகம் வழுக்கிக்கொண்டு ஏறும், வழுக்கிக்கொண்டு இறங்கும். முன்வண்டிக்காரர் கொஞ்சம் பருமனாக, முதுகு அகலமாக இருப்பது நல்லது. நிமிர்ந்து உட்கார வேண்டும். இரைச்சலில் பேச்சு கேட்காது. பின்னால் வருகிறவர் ஒற்றைச் சொல்லில் கத்துவார். அதைக் கேட்டு, மூச்சு வாங்குவதைக் கேட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அரை அடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர வேண்டும். ஜெயித்த ஓட்டக்காரரின் பெயர்தான் பட்டியலில் இருக்கும். ஆனால் அவர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே வந்த அந்த முதுகுக்குப் பாதிப் பங்கு உண்டு.

ரேஸ் எப்படிப் போகும் என்று ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். நடுநிசி தாண்டி போர்தோவில் கம்பளிச் சட்டையும் முழுக்கால் உடையுமாகப் பத்துப் பதினைந்து பேர் கிளம்புகிறார்கள். ஆம், கூட்டம் எப்போதும் சின்னதுதான். முதல் பல மணி நேரம் யாரும் யாரையும் துரத்தமாட்டார்கள். இருட்டு, பின்னால் வரும் கார்களின் விளக்கு வெளிச்சம், குளிர். அங்குலேம் தாண்டும்போது வெளுக்கும். புவாத்தியே அல்லது ஷாத்தெல்ரோ பக்கம் டெர்னிகள் வரிசையாக எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருக்கும். அதற்கு முன்னாலேயே எல்லோரும் இறங்கி, இரவு உடையைக் களைந்து, துடைத்து, பகல் உடைக்கு மாறி, சாப்பிட்டுக்கொள்வார்கள். ஒருவரை விட்டு ஒருவர் ஓடக்கூடாது என்று அந்த நேரத்துக்கு ஓர் எழுதாத உடன்படிக்கை. அப்புறம் ஒவ்வொருவரும் தன் முன்வண்டியைப் பிடித்ததும், அதுவரை காலைநடை போலப் போன விஷயம் வெறிபிடித்த ரேஸாகிவிடும். அடுத்த 250 சொச்சம் கிலோமீட்டர், தூர், ஓர்லியான் பக்கத்துச் சமவெளி வழியாக, சில சமயம் மணிக்கு ஐம்பதைத் தாண்டிய வேகத்தில். கடைசியில் பாரிஸில் பார்க் தே பிரான்ஸ் மைதானத்துக்குள் நுழைந்து சுற்றி முடிக்க வேண்டும்.

இந்த வடிவத்தில்தான் இந்த ரேஸின் பொற்காலம். பெர்னார்ட் கோத்தியே 1951, 1954, 1956, 1957 என்று நான்கு முறை. நெதர்லாந்தின் விம் வான் எஸ்ட் 1950, 1952, 1961 என்று மூன்று முறை. (1951 டூரில், முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையோடு ஓபிஸ்க் மலைப் பள்ளத்தில் விழுந்து, டயர்களை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி மேலே இழுக்கப்பட்டாரே, அவரேதான்.) ஃபெர்டி கூப்ளர் 1953, லூயிசோன் போபே 1959. 1963-இல் டாம் சிம்ப்சன், இரண்டாவதாக வந்தவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்னால் விட்டு ஜெயித்தார்.

ஆனால் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது 1965-ஐத்தான்.

ஜாக் அங்கெத்தில் அதற்குள் டூரை ஐந்து முறை ஜெயித்துவிட்டார். ஆனால் பிரெஞ்சு ஜனங்களுக்கு அவரைவிட எப்போதும் அவரிடம் தோற்கும் புலிதோரைத்தான் பிடித்தது. அங்கெத்தில் ஜெயிப்பது பாங்க் கிளார்க் கணக்கு முடிப்பது மாதிரி இருக்கும். புலிதோர் தோற்பதைப் பார்த்தால் நம் வீட்டுப் பையன் தோற்ற மாதிரி இருக்கும். அங்கெத்திலின் மேலாளர் ரஃபாயேல் ஜெமினியானி இதற்கு ஒரு பைத்தியக்கார மருந்து சொன்னார். ஒரு வாரத்துக்கும் மேல் மலைகளில் ஓடும் தோஃபினே ரேஸை ஜெயி, அது முடிந்த அன்று இரவே போர்தோ–பாரிஸ் கிளம்பு, அதையும் ஜெயி.

மே 29 மாலை அவிஞ்ஞோனில் தோஃபினே முடிந்தது. அங்கெத்தில் முதல், புலிதோர் இரண்டாவது. பரிசு வாங்கி, பேட்டி கொடுத்து, குளித்து, நீம் விமான நிலையத்துக்கு ஓடி, அங்கே காத்திருந்த விமானத்தில் போர்தோவுக்குப் பறந்தார். அந்த விமானத்தை ஏற்பாடு செய்ததே அதிபர் தெ கோல்தான் என்று ஒரு கதை உண்டு; கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் மறுபடி சைக்கிள் மேல்.

இரவில் உடம்பு மறுத்துவிட்டது. வயிறு சரியில்லை, குளிர், தூக்கம். ஓரங்கட்டி இறங்கி, போதும், நான் காரில் ஏறிக்கொள்கிறேன் என்ற நிலைக்கு வந்துவிட்டார். ஜெமினியானி ஆறுதல் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் கேட்கக் கூசும்படி திட்டினார். ரோஷம் வந்ததா, எரிச்சலா, அந்த ஆளுக்குப் பதில் சொல்லவா, எப்படியோ அங்கெத்தில் மறுபடி ஏறிவிட்டார். பொழுது விடிந்ததும் கால் திரும்பி வந்தது. டெர்னிகள் சேர்ந்த பிறகு கடைசியில் மிஞ்சியது மூன்று பேர்: அங்கெத்தில், அவருடைய அணித்தோழர் ஸ்டாப்லின்ஸ்கி, எதிரில் டாம் சிம்ப்சன். அந்த இருவரும் மாறி மாறி வேகத்தைக் கூட்டி சிம்ப்சனைக் களைக்க வைத்தார்கள். பாரிஸை நெருங்கும் மேடுகளில் சிம்ப்சன் ஒடிந்தார், அங்கெத்தில் தனியாகப் போனார். பார்க் தே பிரான்ஸில் ஸ்டாப்லின்ஸ்கிக்கும் அவருக்கும் இடைவெளி 57 விநாடி. அன்றைக்கு அந்த மைதானம் அவருக்குக் கொடுத்த வரவேற்பு, ஐந்து டூர் கொடுக்காதது. ஜெமினியானி கணக்கு பலித்துவிட்டது.

கொஞ்சம் நிறுத்தி யோசித்தால், நம் கேள்விக்கான பதில் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அங்கெத்தில் இதை ஓட்டினார் என்றால், அது ஒரு அதிசயமாக, விளம்பரமாக, ஒரு தடவை. முன்னணி ஆட்டக்காரரின் வழக்கமான வருஷத்தில் இந்த ரேஸுக்கு இடம் இல்லை என்பது அப்போதே தெரிய ஆரம்பித்துவிட்டது. எடி மெர்க்ஸ் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஜெயித்தவர். இந்தப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. பெர்னார்ட் இனோ பெயரும் கிடையாது. இவர்களுக்குத் தெம்பு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

விஷயம் இதுதான். போர்தோ–பாரிஸுக்கென்று தனியாகத் தயாராக வேண்டும். டெர்னிக்குப் பின்னால் நாள் கணக்கில் ஓட்டிப் பழக வேண்டும், ஒரே நாளில் முன்னூறு நானூறு கிலோமீட்டர் பயிற்சி. அந்தப் பயிற்சி வேறெந்த ரேஸுக்கும் உதவாது. வேகமாக வெடித்துக் கிளம்பும் கால்களை மந்தமாக்கிவிடும். ஓட்டி முடித்த பிறகு உடம்பு தேறவும் நாள் பிடிக்கும். இது நடந்ததோ மே மாதத்தை ஒட்டி. இத்தாலிய டூர் நடக்கும் நேரம், பிரெஞ்சு டூருக்கு உடம்பைத் தயார் செய்யும் நேரம். ஒரே ஒரு நாள் ரேஸுக்காக ஒரு முதன்மை ஓட்டக்காரரின் பல வாரங்களை எந்த அணி கொடுக்கும்? போதாததற்கு ஒவ்வொரு ஆளுக்கும் தனி டெர்னி, மாற்று டெர்னி, முன்வண்டிக்காரர், கார் என்று செலவு வேறு.

அதனால் இந்த ரேஸ் மெல்ல மெல்ல நிபுணர்களின் ரேஸாகிவிட்டது. அந்த நிபுணர்களில் தலைசிறந்தவர் பெல்ஜியத்தின் ஹெர்மன் வான் ஸ்ப்ரிங்கல். 1968 டூரைக் கடைசி நாளில் வெறும் 38 விநாடியில் இழந்தவர், பாவம். அந்த இழப்புக்கு ஈடு கட்டுகிற மாதிரி இங்கே 1970, 1974, 1975, 1977, 1978, 1980, 1981 என்று ஏழு முறை ஜெயித்தார். 1974 மட்டும் பிரான்ஸின் ரெஜிஸ் தெலேபினோடு பகிர்ந்துகொண்டது. லிண்டன்–ரிவியேருக்குப் பிறகு 78 வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு தீர்ப்பு. ஏழாவது வெற்றியின்போது அவருக்கு 37 வயது. 2022-இல் காலமானபோது அஞ்சலிக் குறிப்புகளில் அந்த 38 விநாடியும் இந்த ஏழு வெற்றியும்தான் முன்னால் நின்றன. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு ரேஸை ஒருவர் ஏழு முறை ஜெயித்தால் அவர் பெரியவர் என்பது மட்டுமில்லை, எதிரில் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றும் அர்த்தம். 1971, 1972 இரண்டு வருஷமும் ரேஸ் நடக்கவே இல்லை.

இன்னொரு காரணம், என் பார்வையில் இதைவிடப் பெரியது: இது பத்திரிகைக் காலத்து ரேஸ். அந்தக் காலத்தில் ரேஸ்களை நடத்தியதே பத்திரிகைகள். யாருமே பார்க்காத நள்ளிரவில், இருட்டுச் சாலையில் நடந்ததை மறுநாள் காலை காபியோடு படிக்க வேண்டும். எழுதுகிறவருக்கு அதைவிட வசதியான ரேஸ் உண்டா? பார்த்த சாட்சி இல்லை. பேய்க்கதை மாதிரி எழுதலாம். டிவி வந்ததும் அந்த வசதி போய்விட்டது. டிவிக்கு மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற, ஹெலிகாப்டரில் படம் பிடிக்கிற, கூட்டமாக ஓடுகிற ரேஸ் வேண்டும். இருட்டில் பதினைந்து பேர் ஏழு மணி நேரம் மெதுவாகப் போவதை எந்த நிலையம் காட்டும்? பகலில் காட்டலாம் என்றால், மோட்டாருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதை முதல் தடவை பார்க்கிறவர் "இது ஏமாற்று இல்லையா?" என்று கேட்பார். முன்பு ஜனங்களை இழுத்த விசித்திரமே இப்போது விளக்கம் சொல்ல வேண்டிய சங்கடமாகிவிட்டது. பாரிஸைச் சுற்றிப் போக்குவரத்தும் பெருகி, சாலையை அடைத்துக்கொடுக்க யாருக்கும் மனசில்லை.

1980-களில் தட்டுத்தடுமாறி ஓடியது. 1983-இல் ஜில்பேர் துக்ளோ-லசால் ஜெயித்தார். அவர்தான் பிற்பாடு 1992, 1993-இல் பாரிஸ்–ரூபேயை அடுத்தடுத்து வென்ற கிழட்டுச் சிங்கம். 1984 ஹுபேர் லினாருக்கு, 1985 ரெனே மார்ட்டென்ஸுக்கு, 1986 ஸ்விட்சர்லாந்தின் கில்பேர் கிளௌஸுக்கு. கடைசிக் கட்டத்தில் டெர்னியை எடுத்துவிட்டு, சாதாரண ரேஸ் மாதிரி ஓட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கேட்டால் அதுதான் பெரிய தப்பு. டெர்னி இல்லாத போர்தோ–பாரிஸ் வெறும் நீளமான ரேஸ். அதில் மாலை வரை களைத்துக் கிடக்கிற கூட்டத்தைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. 1987-இல் பெர்னார்ட் வாலே, 1988-இல் ஜான்-ஃபிரான்சுவா ரோ. அதோடு சரி. மறு வருஷமே, 1989-இல், ஒரு நாள் ரேஸ்களை ஒரே புள்ளிப்பட்டியலில் கோக்கும் உலகக் கோப்பைத் தொடர் ஆரம்பித்தது. அந்த வரிசையில் இந்தப் பழைய விசித்திரத்துக்கு நாற்காலி போடவில்லை.

"இந்தக் காலத்து ஆட்களால் முடியாதா?" என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: முடியும், தாராளமாக முடியும். இன்று நிற்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டும் தனிநபர் பந்தயங்கள் நடக்கின்றன. ஆள் கிடைக்காமலா இருக்கிறார்கள்? மூன்று வார டூரைச் சலிக்காமல் ஓட்டும் தொழில்முறைக் கூட்டத்துக்கு இது எட்டாத காரியமில்லை. அவர்கள் வேலை வேறாகிவிட்டது, அவ்வளவுதான். இன்று பெரிய ஒரு நாள் ரேஸ்களிலேயே நீளமானது மிலான்–சான் ரேமோ, அதுவே 300 கிலோமீட்டரை ஒட்டித்தான். போர்தோ–பாரிஸில் அந்தத் தூரத்தில்தான் சட்டை மாற்றிக்கொண்டு டெர்னியைப் பிடித்தார்கள்.

2014-இல் அதே பெயரில், யார் வேண்டுமானாலும் பதிவு செய்து ஓட்டும் நீண்ட தூர ஓட்டமாக மறுபடி ஆரம்பித்தார்கள். டெர்னி கிடையாது, விரும்பினால் வழியில் தூங்கிக்கொள்ளலாம். 1891-இல் மில்ஸுக்காகப் போட்டுவைத்த படுக்கையில் ஒருவழியாக ஆள் படுத்துவிட்டார்கள்.